மாணவருக்கு வாசிப்புப் பகுதி கொடுக்க: ஜெராக்ஸ், நாட்டுடைமை, திறந்த உரிமம், சந்தா, அனுமதி – எதை எப்போது?

செமஸ்டர் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது துறையிலிருந்து நூலகத்துக்கு ஒரு பட்டியல் வரும். நான்கு சிறுகதை, ஒரு விமர்சன நூலின் மூன்றாம் அத்தியாயம், ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரை இரண்டு. நாற்பது பேருக்கு வேண்டும். ஒருவர் ஜெராக்ஸ் போடச் சொல்வார். இன்னொருவர் அது குற்றம் என்பார். மூன்றாமவர் ஏற்கெனவே பிடிஎஃப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார்.

மூன்று பேரிடமும் பாதி நியாயம் இருக்கிறது. இந்தியாவில் கல்லூரி ஆசிரியருக்கும் நூலகருக்கும் நடைமுறையில் ஐந்து வழிகள் உண்டு. எதைத் தேர்ந்தாலும் "எத்தனை பக்கம்?" என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். நம் பதிப்புரிமைச் சட்டம் முதலில் பார்ப்பது பிரதி யார் கைக்குப் போகிறது, எதற்காகப் போகிறது என்பதையே.

அந்தப் பத்து சதவீதக் கதை

"பத்து சதவீதம் வரை எடுக்கலாம்", "ஒரு அத்தியாயம் மட்டும் எடுக்கலாம்" என்பவை அமெரிக்காவிலிருந்து வந்த பேச்சு. அங்கே 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவில் நியாயமான பயன்பாடு என்ற பொதுவான விதி இருக்கிறது. நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தை மீதான பாதிப்பு என்று நான்கு அம்சங்களை வைத்து நீதிமன்றம் எடைபோடும். சதவீதக் கணக்கு அந்தச் சட்டத்திலேயே கிடையாது. அதையொட்டி வந்த வகுப்பறை வழிகாட்டுதல்களில் இருந்தது, உலகமெங்கும் பரவிவிட்டது.

நம்முடைய பதிப்புரிமைச் சட்டம், 1957 வேறு மாதிரி கட்டப்பட்டது. எதெல்லாம் மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவில் நீண்ட பட்டியல் கொடுத்திருக்கிறது. நீங்கள் செய்வது அந்தப் பட்டியலில் ஏதாவது ஒரு கூறுக்குள் அடங்க வேண்டும். கற்பித்தலுக்கான கூறில் சதவீதம் எதுவும் இல்லை. (இலங்கை வாசகர்களுக்கு இது பொருந்தாது. அங்கே 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளது. உரிமைக் காலமும் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டு.)

எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், பெறுபவர் யார் என்பது: பெயர்ப்பட்டியலில் உள்ள மாணவர்களா, இணையத்தில் யார் வேண்டுமானாலுமா? இரண்டாவது, விற்பனை உண்டா. பக்கத்துக்கு ஜெராக்ஸ் கூலி வாங்குவது வேறு, ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) போட்டு விலை வைப்பது வேறு. மூன்றாவது, ஒரு பருவத்துக்கா, பல ஆண்டுக்கா. நான்காவது பெரும்பாலும் கணக்கில் வராமலே போகும்: யாருடைய உழைப்பு, எத்தனை நாள்?

| வழி | யாருக்குக் கொடுக்கலாம் | பணச் செலவு | மறைந்திருக்கும் செலவு | எங்கே சிக்கல் வரும் |
|---|---|---|---|---|
| வகுப்புக்கான ஜெராக்ஸ் தொகுப்பு | அந்தப் பாடம் படிப்பவர்களுக்கு | ஜெராக்ஸ் கூலி | ஒவ்வொரு பருவமும் திரும்பச் செய்ய வேண்டும் | பொது இணையத்தில் ஏற்றினால் |
| உரிமை முடிந்தவை, நாட்டுடைமை | எவருக்கும் | அச்சுச் செலவு மட்டும் | எந்தப் பதிப்பு என்று சரிபார்ப்பது | உரை, முன்னுரை, படம், மொழிபெயர்ப்பு |
| திறந்த உரிமம் | எவருக்கும் | இல்லை | தமிழில் தேடும் நேரம் | உரிமங்களைக் கலக்கும்போது |
| சந்தா வழி இணைப்பு | நிறுவன உறுப்பினர்களுக்கு | சந்தா | தொலைவிலிருந்து திறக்கும் ஏற்பாடு | மொத்தமாகப் பதிவிறக்கினால் |
| எழுத்துமூல அனுமதி | அனுமதியில் எழுதியபடி | உரிமைத்தொகை | மூன்று மாதக் காத்திருப்பு | தவறான ஆளிடம் வாங்கினால் |

வழி 1: வகுப்புக்கான ஜெராக்ஸ் தொகுப்பு

52(1) பிரிவின் 'ஐ' கூறு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் பிரதி எடுப்பது மீறல் ஆகாது என்கிறது. வினாத்தாளில் கேட்பதும் விடையில் எழுதுவதும் இதே கூறில் அடங்கும்.

இதன் எல்லை டெல்லியில் சோதிக்கப்பட்டது. டெல்லி பொருளியல் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஷ்வரி ஜெராக்ஸ் கடை, துறை தந்த பாடப் பட்டியலின்படி பகுதிகளைப் பிரதி எடுத்து, பைண்ட் செய்து மாணவர்களுக்குக் கொடுத்துவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-ல் அந்தக் கடை மீதும் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பர் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கற்பித்தல் என்பது வகுப்பறை நேரத்தோடு முடிவதில்லை. பக்க வரம்பும் கிடையாது. பாடத்தை விளங்கவைக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு எடுக்கலாம். ஆசிரியருக்குப் பதிலாகக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார் என்பதாலேயே அது மீறல் ஆகிவிடாது.

ஆனால் அமர்வு இரண்டு கேள்விகளை விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. சேர்த்த பகுதிகள் உண்மையிலேயே பாடத்துக்குத் தேவைதானா? முழுப் புத்தகத்தையே பிரதி எடுக்கலாமா? 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றதால் இரண்டுக்கும் விடை கிடைக்கவில்லை. "முழுப் புத்தகமும் ஜெராக்ஸ் போடலாம், கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டெல்லி தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனாலும் இந்தக் கேள்வியை இவ்வளவு விரிவாக அலசிய தீர்ப்பு என்பதால் பலரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்லும்படி தொகுப்பைத் தயாரிப்பது கடினமில்லை. நூலகத்தில் அந்த நூலின் சொந்தப் படி ஒன்றாவது இருக்கட்டும், அதிலிருந்து எடுங்கள். எங்கிருந்தோ வந்த திருட்டு பிடிஎஃப்பை அச்சிட்டுவிட்டு 'ஐ' கூறைக் காட்டினால் வாதம் தொடக்கத்திலேயே நொண்டும். ஒவ்வொரு பகுதியின் முதல் பக்கத்திலும் ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்க எண்களை எழுதுங்கள். தொகுப்பின் முகப்பில் பாடக் குறியீடு, பருவம், அலகு எண் வேண்டும். எந்தப் பகுதி எந்த அலகுக்கு என்பது பாடத்திட்டக் குழு ஏற்ற பட்டியலிலேயே இருந்தால், தேவையானதுதானா என்ற கேள்விக்கு அதுவே பதில். கடைக்காரர் வழக்கமான பக்கக் கூலிக்கு மேல் வாங்கக்கூடாது, உபரிப் பிரதி அடித்து வெளியாருக்கு விற்கக்கூடாது.

பயிற்சிப் புத்தகம், வினாத் தொகுப்பு, அந்தப் பாடத்துக்கென்றே எழுதப்பட்ட பாடநூல் ஆகியவற்றை இந்த வழியில் தொடாமல் இருப்பதே நல்லது. மாணவர் விலை கொடுத்து வாங்குவதற்கென்றே வந்த நூலை முழுதாகப் பிரதி எடுப்பதற்கு "கற்பித்தல்" என்ற காரணம் தாங்காது.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது டிஜிட்டலில். நாற்பது பிரதி எடுப்பதும், ஒரு கோப்பை உலகமே பார்க்கும்படி வைப்பதும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு செயல். இரண்டாவது பொதுமக்களுக்குக் கொண்டுசேர்த்தல் என்ற தனி உரிமை. கூகுள் டிரைவில் ஏற்றினால், "இணைப்பு உள்ள எவரும்" என்ற அமைப்பை மாற்றிக் கல்லூரி மின்னஞ்சல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள். கூகுள் கிளாஸ்ரூம் அல்லது மூடுல் போன்ற கற்பித்தல் தளத்தில் அந்த வகுப்புக்குள் வைத்தால் இன்னும் நல்லது. பருவம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்ட கோப்பு எங்கெங்கே போகிறது என்பது உங்கள் கையில் இல்லை. கல்லூரி இணையதளத்தில் "படிப்புப் பொருட்கள்" என்று திறந்து வைக்கும் பழக்கம் இருக்கிறதே, இந்த ஐந்து வழிகளில் எதுவும் அதைக் காப்பாற்றாது, உரிமை முடிந்த நூலாகவோ திறந்த உரிமம் உள்ளதாகவோ எழுத்துமூல அனுமதி பெற்றதாகவோ இருந்தால் தவிர.

வழி 2: உரிமை முடிந்தவை, நாட்டுடைமை ஆனவை

தமிழ்த் துறைகளுக்கு இது புதையல், பாதிக் கல்லூரிகள் பயன்படுத்துவதில்லை. கணக்கு எளிது: ஆசிரியர் மறைந்த ஆண்டுடன் 60-ஐக் கூட்டுங்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. புதுமைப்பித்தன் 1948-ல் மறைந்தார், 2008-ல் முடிந்தது. கல்கி 1954, முடிந்தது 2014-ல். பாரதிதாசன் 1964 என்பதால் 2025 ஜனவரி 1 முதல் ஆண்டுக் கணக்கிலேயே பொதுவுடைமை. ஜெயகாந்தன் 2015-ல் மறைந்தார், அவர் கதைகளுக்கு 2075 இறுதிவரை உரிமை இருக்கும்.

நாட்டுடைமை தனிப் பாதை. தமிழக அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து, நூல்களை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று ஆக்கிவிடுகிறது. 1949-ல் பாரதி படைப்புகளின் உரிமையை அரசு வாங்கியதில் தொடங்கியது இது. மறைந்து 60 ஆண்டு ஆகாதவர்களின் நூல்களும் இப்படிக் கிடைக்கும். சங்க நூல்களுக்கு உரை எழுதிய ஔவை துரைசாமிப் பிள்ளை 1981-ல் மறைந்தவர், ஆனால் அவர் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. ஆகவே ஆண்டுக் கணக்கோடு நிறுத்தாமல் நாட்டுடைமைப் பட்டியலையும் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல நூல்கள் ஸ்கேன் வடிவில் உள்ளன. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் தன்னார்வ முயற்சியான மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த வடிவம் கிடைக்கும், தமிழ் விக்கிமூலத்திலும் உண்டு.

மூலம் பொதுவுடைமை என்பதால் கையில் உள்ள புத்தகம் முழுக்கப் பொதுவுடைமை ஆகிவிடாது. இந்த வழியின் மறைமுகச் செலவு அதைப் பிரித்துப் பார்ப்பதுதான். திருக்குறளுக்கு உரிமையாளர் இல்லை, மு.வ. உரைக்கு உண்டு. அவர் 1974-ல் மறைந்தவர், ஆண்டுக் கணக்குப்படி 2034 இறுதிவரை. கல்கியின் நாவல் எல்லாருக்கும் சொந்தம், அதற்கு ஓவியர் மணியம் வரைந்த படங்கள் அப்படியல்ல. அவர் 1968-ல் மறைந்தவர், படங்களுக்கு 2028 முடிய வேண்டும். புதிய பதிப்பாசிரியரின் முன்னுரை, அடிக்குறிப்பு, அரும்பத விளக்கம், ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. ஆசிரியர் மறைந்தபின் முதன்முதலாக வெளியான கடிதம், நாட்குறிப்பு போன்றவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 எண்ண வேண்டும்.

திரும்பத் திரும்ப நடத்தும் பாடத்துக்கும், இணையத்தில் திறந்து வைக்க நினைக்கும் தொகுப்புக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு முறை சரிபார்த்தால் போதும்.

வழி 3: திறந்த உரிமம்

கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது ஆக்கியோனே நிபந்தனையோடு முன்கூட்டி அனுமதி தந்துவிடும் உரிமம். அது உள்ளவற்றை எவரிடமும் கேட்காமல் எடுக்கலாம், நிபந்தனையைப் பின்பற்றினால் போதும். தலைப்பு, ஆக்கியோன், கிடைத்த இடம், உரிமத்தின் பெயர் ஆகிய நான்கையும் குறிப்பிட வேண்டும். தமிழ் விக்கிப்பீடியா 'பை-எஸ்ஏ' (பெயர் குறிப்பிடு, அதே உரிமத்தில் பகிர்) உரிமத்தில் இருக்கிறது. அதை மாற்றி எழுதி வெளியிட்டால் உங்கள் ஆக்கமும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும். 'என்டி' (மாற்றக்கூடாது) என்றிருந்தால் அப்படியே கொடுக்கலாம், தமிழாக்கிப் பரப்பக்கூடாது. பாட மொழிபெயர்ப்பில் இறங்குபவர்கள் பலர் இதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

'எஸ்ஏ' உள்ளதையும் 'என்சி-எஸ்ஏ' உள்ளதையும் ('என்சி' என்றால் வணிகப் பயன் கூடாது) உருக்கி ஒரே பாடமாக எழுத முடியாது. ஒன்றின் நிபந்தனை மற்றதை மறுக்கும். அடுத்தடுத்துத் தனித்தனிப் பகுதிகளாக வைத்தால் சிக்கல் இல்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல்களில்கூட ஒரே உரிமம் இல்லை, கால்குலஸ் நூல்கள் 'என்சி-எஸ்ஏ'. ஆகவே தளத்தின் பெயரை நம்பாமல் அந்தந்த நூலின் உரிமப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

'என்சி' நூலைக் கடையில் காசு கொடுத்துப் பிரதி எடுக்கலாமா என்ற சந்தேகம் அடிக்கடி வரும். அமெரிக்காவில் ஃபெடெக்ஸ் கடைகள் மீது நடந்த வழக்கில், பள்ளிக்காகக் கூலிக்குப் பிரதி எடுத்த கடை உரிமத்தை மீறவில்லை என்று 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இங்கே அது வெறும் வழிகாட்டி, அவ்வளவே.

அறிவியல், கணிதம், கணினிக்கு இந்த வழி ஏராளமாகத் தரும். நவீனத் தமிழ் இலக்கிய விமர்சனத்துக்கு மிகக் கொஞ்சம். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அது திறந்த உரிமம் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வழி 4: சந்தாவில் இருப்பதற்கு இணைப்பு

ஆய்விதழ்க் கட்டுரையைப் பிரதி எடுக்கும் முன் அது ஏற்கெனவே வாங்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், மூன்று ஆண்டுக்கு ரூ.6,000 கோடியில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. ஒருங்கிணைப்பது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையம். அரசு நிறுவனங்களுக்கான திட்டம் என்பதால் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் சந்தாவையே நம்ப வேண்டியிருக்கும்.

இணைப்புக் கொடுக்கும்போது உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுக்காதீர்கள். அதில் உங்கள் உள்நுழைவுத் தடம் ஒட்டிக்கொண்டிருக்கும், மறுநாள் மாணவருக்குத் திறக்காது. கட்டுரையின் டிஓஐ (நிரந்தர அடையாள எண்) இணைப்பைக் கொடுங்கள். வீட்டிலிருந்து படிக்க, இன்ஃப்ளிப்நெட்டின் இன்ஃபெட் போன்ற தொலைநுழைவு ஏற்பாட்டில் மாணவர் கணக்கு முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும். வேலை முழுதும் இங்கேதான்.

இன்னொரு ஆபத்து: யாராவது ஒரு மாணவர் மென்பொருள் போட்டு ஒரு இதழின் எல்லாத் தொகுதிகளையும் இறக்கினால் பதிப்பகம் வளாகத்தின் ஐபி முகவரியையே முடக்கும். ஒருவர் செய்ததற்கு மொத்தக் கல்லூரியும் காத்திருக்கும். சந்தா ஒப்பந்தத்தில் பாடத்தொகுப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் நூலகர் ஒரு முறை படித்து வைத்திருப்பது நல்லது. பல ஒப்பந்தங்கள் வகுப்புக்கு அச்சிட அனுமதிக்கின்றன.

வழி 5: எழுத்துமூல அனுமதி

வகுப்புக்குள் நிற்கும் பிரதிக்கு அனுமதி கேட்டு அலைவது பெரும்பாலும் வீண் வேலை. ஆனால் ஒன்றுக்கு அது கட்டாயம்: தன்னாட்சிக் கல்லூரிகளின் தமிழ்த் துறை வெளியிடும் செய்யுள் திரட்டும் சிறுகதைத் தொகுப்பும். ஐஎஸ்பிஎன், விலை, பதிப்பகத்தின் பெயர் எல்லாம் போட்டு ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்பது 'ஐ' கூறின் கீழ் வராது. அதற்கு 'ஹெச்' கூறு உண்டு, ஆனால் மிகக் குறுகியது. தொகுப்பின் பெரும்பகுதி உரிமை இல்லாத படைப்புகளாக இருக்க வேண்டும். உரிமையுள்ள நூலிலிருந்து சிறு பகுதிகள் மட்டும் எடுக்கலாம், அந்த நூலும் பாடநூலாக எழுதப்பட்டதாக இருக்கக்கூடாது. ஒரே ஆசிரியரிடமிருந்து, ஒரே பதிப்பகம், ஐந்து ஆண்டில் இரண்டு பகுதிக்கு மேல் வெளியிடக்கூடாது. ஒரு முழுச் சிறுகதையைச் "சிறு பகுதி" என்று வாதாடுவது கடினம்.

யாரிடம் கேட்பது? பதிப்பகத்தைக் கேட்டால் போதும் என்று நினைப்பது பொதுவான பிழை. 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். வாய்ப்பேச்சில் நூல் போட்ட காலத்துப் பதிப்பகங்களிடம் அப்படி எழுத்து இல்லாமலே இருக்கக்கூடும், உரிமை எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோதான் இருக்கும். நூலின் பதிப்புப் பக்கத்தில் "உரிமை: ஆசிரியருக்கு" என்றிருந்தால் நேரே அவரிடம் போங்கள். வாரிசுகள் மூன்று பேர் என்றால் மூவரின் கையெழுத்தும் வேண்டும். கடிதத்தில் படைப்பின் பெயர், பக்கம், எத்தனை படி, விலை, எத்தனை ஆண்டு, அச்சு மட்டுமா மின்னூலும் சேர்த்தா, தொகை எவ்வளவு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். மின்னூலை விட்டுவிட்டால் இரண்டு ஆண்டு கழித்து மறுபடி அதே வாசலில் நிற்க வேண்டிவரும்.

வாரிசு யாரென்றே தெரியாத படைப்புக்கு 31ஏ பிரிவின் கட்டாய உரிமம் இருக்கிறது; நாளிதழ் அறிவிப்பு, விண்ணப்பம், விசாரணை என்று நீளும். ஒரு கவிதைக்காக அதில் இறங்குவதைவிட வேறு கவிதையைத் தேடலாம். இந்தியப் பிரதியெடுப்பு உரிமை அமைப்பான ஐஆர்ஆர்ஓ நிறுவனங்களுக்கு மொத்த உரிமம் தருகிறது. தன்னிடம் உரிமையை ஒப்படைத்தவர்களின் நூல்களுக்கே அது தர முடியும் என்பதால், பணம் கட்டும் முன் உங்கள் பட்டியலில் உள்ள தமிழ்ப் பதிப்பகங்கள் அதில் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

நூலகத்துக்கு மட்டும் உள்ள இரண்டு விதிவிலக்குகள்

இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை, லாப நோக்கமற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்கு மூன்று படி வரை எடுக்கலாம். கைவசம் உள்ள அச்சு நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமிக்கலாம். இரண்டுமே மாணவருக்கு விநியோகிக்கும் வழி ஆகாது. கல்லூரி நூலகம் "பொது நூலகம்" ஆகுமா என்பதிலும் தெளிவு இல்லை.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கு நிலைமை வேறு. 2012 திருத்தம் கொண்டுவந்த கூறின்படி, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு நூல் முழுவதையும் மாற்றிக் கொடுக்கலாம், ஆக்கும் செலவுக்கு மேல் வாங்கக்கூடாது. கோப்பு அவர்களைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்வது நிறுவனத்தின் பொறுப்பு.

ஒரே தொகுப்பில் ஐந்தையும் கலப்பது

முதுகலைத் தமிழ், நாற்பது மாணவர்கள், 180 பக்க வாசிப்பு என்று வைத்துக்கொள்வோம். புதுமைப்பித்தன் கதை மூன்று, 48 பக்கம்: உரிமை முடிந்தது, மின்னூலக இணைப்புப் போதும். ஆய்விதழ்க் கட்டுரை இரண்டு, 50 பக்கம்: டிஓஐ இணைப்பு. திறந்த உரிமத்தில் உள்ள ஒரு கோட்பாட்டு அறிமுகம், 40 பக்கம்: கோப்பாகவே கொடுக்கலாம். மீதி ஒரு ஜெயகாந்தன் கதை 12 பக்கம், ஒரு விமர்சன நூலின் அத்தியாயம் 30 பக்கம். இந்த 42 பக்கம் மட்டுமே ஜெராக்ஸுக்குப் போகும். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றால் நாற்பது பேருக்கு ரூ.1,680. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரதி எடுத்தால் ரூ.7,200.

மூன்று ஆண்டு கழித்து இதையே நூலாக்கத் துறை விரும்பினால், அனுமதிக் கடிதம் தேவைப்படுவதும் அந்த 42 பக்கத்துக்கு மட்டும்தான், கட்டுரைகளை இணைப்பாகவே விட்டுவைத்து, திறந்த உரிமப் பகுதியில் 'என்சி' இல்லாமல் இருந்தால். அதனால் முதல் பருவத்திலேயே ஒவ்வொரு பகுதிக்கும் எந்த வழியில் எடுத்தோம், எந்தப் பதிப்பிலிருந்து, உரிமையாளர் யார் என்று மூன்று வரி எழுதித் தொகுப்பின் கோப்போடு வைத்துவிடுங்கள்.